ஒரு வேளை மருந்து

அத்தியாயம் 14

கதவைத் திறந்த அண்ணியும், உள்ளே கீபோர்டில் கை வைத்திருந்த சின்னவனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்ற இடத்தில் போன வாரம் விட்டிருந்தோம். சின்னவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், ‘நின்ற’ என்று எப்படி எழுதலாம் என்று அண்ணி படித்தால் கேட்பாள். கேட்கட்டும். அவளுக்கு அந்த வீட்டில் வைத்திருக்கும் பட்டப்பெயரே ‘ஒற்று’தான். கடைக்குக் கொடுத்தனுப்பும் சீட்டில்கூட விட்டுப்போன ‘க்’கையும் ‘ப்’பையும் சேர்த்த பிறகுதான் கையை விட்டுக் கொடுப்பாள்.

புதிதாக வருகிறவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அண்ணி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர். டாக்டர்கள் சொல்லும் மருந்துக் குறிப்புகளை முதலில் தமிழில் எழுதி, பிறகு கப்பல் பட்டறை வேலைக்கு வந்து குடியேறியவர்களின் மொழியில் பெயர்த்து, ஆஸ்பத்திரியின் இணையதளத்தில் ஏற்றுவது அவள் வேலை. ஆறு வருஷமாகச் செய்கிறாள். மாதக் கடைசியோடு உங்கள் பிரிவை மூடுகிறோம், இனி மென்பொருளே பெயர்த்துக்கொள்ளும் என்று கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கடிதம் அலமாரியில் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. கணவனுக்குத் தெரியாது. அவன் லிஃப்ட் மெக்கானிக், இந்த மாதம் முழுக்க வெளியூரில். மாமியாருக்கும் தெரியாது.

கொழுந்தன் சின்னவன் ஒரு கம்ப்யூட்டர் நிறுவனத்தில் சேர்ந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. இன்று காலை அண்ணியை ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு, “எனக்கு இன்னும் கொஞ்ச தூரம் போகணும் அண்ணி” என்று சொல்லிவிட்டுப் போனவன், ஒரு சுற்றுச் சுற்றி அதே கட்டடத்துக்குள் பின்பக்கமாக நுழைந்திருக்கிறான்.

அண்ணி இன்னும் கதவருகேதான் நின்றாள்.

“கொஞ்ச தூரம்னு சொன்னியே, இதுதானா?”

“கதவைச் சாத்திட்டு வாங்க அண்ணி. குளிர் வெளியே போயிடும்.”

சர்வர் அறையில் ஏற்கெனவே பல் கிட்டும் குளிர். சுவரோரம் இரும்புச் சட்டங்களில் கம்ப்யூட்டர்கள் அடுக்கியிருக்க, விசிறிகள் ஓயாமல் இரைந்துகொண்டிருந்தன. மேஜை மேல் இருந்த திரையில் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்துகள் யாருக்கோ பயந்தது போல மேலே ஓடிக்கொண்டிருந்தன.

“எனக்குப் பதிலா வர்றது இதுதானா?”

“லினக்ஸ்னு ஒரு சிஸ்டத்துல ஓடற மெஷின் அண்ணி. இதுல மொழிபெயர்ப்பு மென்பொருளை ஏத்தச் சொல்லியிருக்காங்க. ஏத்திட்டா, யார் வந்து வெப்சைட்டைத் திறந்தாலும் அவங்க மொழியில அதுவே மாத்திக் கொடுத்துடும்.”

“நான் கேட்டதுக்கு இது பதில் இல்ல.”

சின்னவன் கீபோர்டைப் பார்த்தான். “ஆமா அண்ணி. இதுதான்.”

“வீட்ல சொல்லியிருக்கலாம்.”

“நீங்களும் சொல்லியிருக்கலாம்.”

இவனுக்கு எப்படித் தெரிந்தது என்று அண்ணி கேட்பதில் அர்த்தமில்லை. ஒரு ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்கும் மென்பொருளை நிறுவப் போகிறவனுக்கு, அங்கே மொழிபெயர்க்கிறவள் என்ன ஆவாள் என்று ஊகிக்க ஜோசியமா தெரிந்திருக்க வேண்டும்?

“எனக்குத் தனியாக் கொடுத்த முதல் வேலை இது. நான் மாட்டேன்னா வேற ஒருத்தன் வந்து போட்டுட்டுப் போவான்.”

“அந்த வேற ஒருத்தனா இருந்திருந்தா நிம்மதியா திட்டியிருப்பேன்.”

சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். போகவில்லை. உட்காரவும் இல்லை. கதவுக்கும் மேஜைக்கும் நடுவே நடந்தாள். கைக்குட்டையை மடித்தாள், பிரித்தாள். தன் இடத்துக்கு வரப்போகிறவர் யார் என்று மூன்று வாரமாகத் தூக்கம் கெட்டிருந்தவள், வந்தவர் எப்படி வருகிறார் என்று பார்க்காமல் எப்படிப் போவாள்?

திரையில் ஓட்டம் நின்றது. சின்னவன் முகம் சுளித்தான்.

“என்ன ஆச்சு?”

“கூட இன்னொரு சின்ன மென்பொருள் வேணுமாம். அது இல்லாம இது உள்ள வராது.”

அதைத் தருவித்தான். அது வேறொன்றைக் கேட்டது. அந்த வேறொன்று, தன் பழைய பதிப்பு இருக்கும் இடத்தில் காலெடுத்து வைக்க மாட்டேன் என்று அடம் பிடித்தது.

“சித்தப்பா வரணும்னா அவர் மச்சான் வரணும், மச்சான் வரணும்னா பழைய சம்பந்தி வெளியே போகணுமா?” என்றாள் அண்ணி. “நல்ல சொந்தக்காரக் கூட்டம்தான்.”

சின்னவன் சிரித்துவிட்டான். அவளுக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே இருவருக்கும் போய்விட்டது.

அடுத்த தடவை திரை ‘அனுமதி இல்லை’ என்றது.

“உன்னையே உள்ள விடலையா?”

“நிர்வாகின்னு சொல்லிட்டுக் கேக்கணும். சும்மா கேட்டா எதையும் தொட விடாது.” கடவுச்சொல்லைத் தட்டினான். தட்டத் தட்டத் திரையில் ஒரு புள்ளிகூட விழவில்லை. எத்தனை எழுத்து என்றுகூட அடுத்தவருக்குக் காட்டாதாம். இவ்வளவு அழுத்தமான ஆளை அண்ணி தன் மாமியாருக்குப் பிறகு இங்கேதான் பார்க்கிறாள்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. மொழிக் கோப்புகள் இறங்கத் தொடங்கின. முப்பது சதவீதம், ஐம்பது, எழுபது. அண்ணி பட்டறைக் குடியிருப்பில் வளர்ந்தவள். அந்த மொழியைத் தெருவில் விளையாடி, சண்டை போட்டு, அடி வாங்கிப் பிடித்தவள். அது ஒன்பதே நிமிஷத்தில் இறங்கி முடிந்தது. ‘இயங்குகிறது’ என்று பச்சையில் ஒரு சொல் வந்தபோது அவள் கைக்குட்டையை மறுபடி மடித்தாள்.

பத்து மணிக்குக் கண்காணிப்பாளர் வந்தார். ஐம்பது வயதுப் பெண்மணி. ‘நோ டென்ஷன்’ என்று அவர் ஆரம்பித்தால் ஏதோ ஒன்று தலைக்கு மேல் இருக்கிறது என்று ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும்.

“நோ டென்ஷன். முடிஞ்சுதா தம்பி?” என்றவர் அண்ணியைப் பார்த்தார். “நீங்களும் இங்கயே இருக்கீங்களா, நல்லதாப் போச்சு. அது பெயர்க்கிறது சரியா வருதான்னு ஒரு பார்வை பாத்துடுங்க. உங்களை விட்டா இங்க அந்த மொழி யாருக்குத் தெரியும்?”

இருவரும் ஒரே வீட்டுச் சோறு சாப்பிடுகிறவர்கள் என்று அவருக்குத் தெரியாது. இவர்களும் சொல்லவில்லை.

சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அது இதுதான். அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். முதல் பக்கம் நன்றாக இருந்தது. இரண்டாவதும் நன்றாக இருந்தது. மோசமாக இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். நன்றாக இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

மூன்றாவது பக்கத்தில் மூச்சு வந்தது. ‘படுக்கைகளுக்கு இடையே ஆறு அடி விட வேண்டும்’ என்று அவள் தமிழில் எழுதியிருந்ததை, ‘படுக்கைகளுக்கு நடுவே நதியை அடித்துவிட வேண்டும்’ என்கிற பொருளில் பெயர்த்திருந்தது மென்பொருள்.

“நதியை அடிக்கிறதுக்கு எந்த வார்டுல ஆள் வெச்சிருக்காங்க?” என்றாள். இந்த முறை மனசாரச் சிரித்தாள்.

சின்னவன் ஒரு கோப்பைத் திறந்து, ‘ஆறு அடி’ என்று வந்தால் எப்படிப் பெயர்க்க வேண்டும் என்று அவளிடம் கேட்டு எழுதிச் சேமித்தான். “சொல் பட்டியல் அண்ணி. இனிமே இங்க தப்பாது.”

அடுத்த பிழையைச் சொன்னாள். அதையும் சேர்த்தான். இப்படி ஏழு. ஏழாவதைச் சொல்லி முடித்த பிறகுதான், தன் நாற்காலியில் உட்காரப் போகிறவருக்குத் தானே தூசி தட்டிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டாள்.

இருநூற்றுச் சொச்சம் பக்கங்களில் இருபது பார்த்தாகிவிட்டது. “இருபது போதும், பானைச் சோத்துக்கு ஒரு சோறு” என்றார் கண்காணிப்பாளர். பத்து நாற்பதுக்குப் புதிய ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. இரண்டு இருந்தால் குழப்பம் என்று அண்ணி கையால் பெயர்த்து வைத்திருந்த பழைய பக்கங்களை எடுத்துவிட்டார்கள். பதினோரு மணிக்கு, ‘உங்கள் மருந்துக் குறிப்பு இனி உங்கள் மொழியில், புதிய வடிவில்’ என்று குடியிருப்பு நோயாளிகள் எல்லோருக்கும் லிங்க்கோடு குறுஞ்செய்தியும் போனது. கண்காணிப்பாளருக்கு அவ்வளவு பெருமை.

அண்ணி தன் மேஜைக்குப் போய் இழுப்பறைகளைக் காலி செய்யத் தொடங்கினாள். மாதக் கடைசிக்கு ஒன்பது நாள் இருந்தது. இருந்தாலும் கை சும்மா இருக்கவில்லை. எடுத்ததையே மறுபடி உள்ளே வைத்தாள்.

ஒன்றே காலுக்கு வாசல் கவுன்ட்டர் பெண் ஓடி வந்தாள். “யாரோ ஃபோன்ல. எனக்கு ஒரு வார்த்தை புரியல. நீங்க கொஞ்சம் வந்து பேசுங்களேன்.”

பேசியவர் பட்டறையில் வெல்டர். வலிப்பு நோய்க்கு மருந்து சாப்பிடும் நாலு வயதுப் பெண்ணின் அப்பா. அவர் மொழியில் அவர் கேட்டதைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்: “ராத்திரி மருந்தைக் கொடுத்தாலும் கொடுக்கலாம்னு இப்ப போட்டிருக்கே. அப்போ தினமும் கொடுக்கணுமா, வேண்டாமா? அதைக் குடிச்சா பொண்ணு மறுநாள் முழுக்கத் தூங்கி வழியறா. விட்டுடலாம்னா சந்தோஷம்.”

“விடக் கூடாது. ஒரு நாள்கூட விடக் கூடாது. ராத்திரி எட்டு மணிக்குக் கட்டாயம் கொடுங்க. தப்பா வந்திருக்கு.” அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் ரிசீவரை வைத்தாள்.

வைத்த அடுத்த நொடி அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. மறைத்து என்ன ஆகப் போகிறது? குதிக்கிற சந்தோஷம். ஆறு வருஷத்தில் தான் செய்யாத தப்பை அது இரண்டரை மணி நேரத்தில் செய்துவிட்டது. இதை அச்செடுத்து மேடம் மேஜையில் வைத்தால் போதும், அலமாரியில் இருக்கும் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம். பக்கத்தில் தமிழையும் வைத்துக் காட்டினால்தான் பிழை எவ்வளவு பெரியது என்று புரியும். மேஜைக்கு ஓடி, தான் எழுதிய தமிழ்ப் பக்கத்தைத் திறந்தாள்.

‘இரவு ஒருவேளை கொடுக்கவும்.’

படித்தாள். மறுபடி படித்தாள். மூன்றாம் முறை விரலை வைத்துப் படித்தாள்.

‘ஒரு’வுக்கும் ‘வேளை’க்கும் நடுவே இடம் இல்லை. இடம் விட்டால் ஒரு வேளை, ஒரு தடவை. சேர்த்துவிட்டால் ஒருவேளை, அதாவது கொடுத்தாலும் கொடுக்கலாம். அவள் எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே மென்பொருள் பெயர்த்திருக்கிறது. அவள் கையால் பெயர்த்த நாள்களில் இது வெளியே தெரியவில்லை. எழுதியவளும் அவள், பெயர்த்தவளும் அவள். தான் நினைத்ததைப் பெயர்த்தாள், எழுதியதைப் பெயர்க்கவில்லை.

இணையதளம் முழுவதும் தேடச் சொல்லித் தட்டினாள். அறுபத்தோரு இடங்கள். அத்தனையிலும் ‘ஒருவேளை’ ஒட்டிக்கொண்டே இருந்தது.

ஊரார் சீட்டில் ஒற்றுத் தேடியவளுக்குத் தன் இலையில் கிடந்த கல் தெரியவில்லை. அவமானம் அவள் காது நுனி வரை ஏறியது. தமிழையும் பெயர்ப்பையும் அச்செடுத்து, இரண்டு தாளையும் கையில் சுருட்டிக்கொண்டு, லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் நாலு மாடி ஏறினாள். ஒவ்வொரு மாடியிலும் ஒவ்வொரு முடிவு எடுத்தாள்.

கண்காணிப்பாளர் அறைக்குள் சின்னவன் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தான். கவுன்ட்டர் பெண் விஷயத்தை மேலே சொல்லிவிட்டிருந்தாள்.

“நோ டென்ஷன்,” என்றார் கண்காணிப்பாளர். நெற்றி நரம்பு புடைத்திருந்தது. “இது குழந்தை மருந்து தம்பி. எத்தனை பேர் அந்தப் பக்கத்தைப் பாத்திருக்காங்க?”

“பதிவுல பாத்தேன் மேடம். புதுப் பக்கங்கள்ல எதைத் திறந்தவங்களையும் சேத்து, அந்த மொழியில மொத்தம் பதினாலு பேர்.”

“ஒருத்தர் கேட்டாரு. மீதிப் பதிமூணு பேர்?”

சின்னவன் தலை நிமிரவில்லை. “என் தப்புதான் மேடம். நான் சரியாச் சோதிக்கல.”

“உங்க ஆபீஸுக்கு எழுதறேன். அந்த மென்பொருளை இப்பவே எடுத்துடுங்க.” அண்ணி பக்கம் திரும்பினார். “நீங்க உங்க பழைய பக்கங்களைத் திரும்ப ஏத்துங்க. அந்த லெட்டரை மறந்துடுங்க. பிரிவை மூடல.”

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. அண்ணி கையை நீட்டக்கூட வேண்டியதில்லை. சும்மா நின்றால் போதும். மேடம் கேட்கவில்லை, சின்னவனுக்குத் தெரியாது, அறுபத்தோரு இடத்திலும் சாயங்காலத்துக்குள் ஓசைப்படாமல் இடம் விட்டுவிடலாம். சின்னவனுக்கு வேலை போகும். சின்ன வயசு, வேறு கிடைக்கும். இதையெல்லாம் அவள் நினைத்தாள். நினைக்கவில்லை என்று நான் எழுதினால் நீங்களே நம்ப மாட்டீர்கள்.

பிறகு சுருட்டியிருந்த தாளைப் பிரித்து மேஜை மேல் வைத்தாள்.

“மேடம், அது சரியாத்தான் பெயர்த்திருக்கு. நான் எழுதினதுதான் தப்பு.”

விளக்கிச் சொன்னாள். இரண்டே நிமிஷம் ஆனது. கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் தாளைக் கிட்டே வைத்துப் பார்த்தார்.

“இந்த இடைவெளியா?”

“ஆமா மேடம். அறுபத்தோரு இடம்.”

“ஆறு வருஷமாவா?”

“ஆமா.”

‘நோ டென்ஷன்’ வரும் என்று அண்ணி எதிர்பார்த்தாள். வரவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“முதல்ல அந்தப் பக்கங்களை மூடிட்டு, பதிமூணு பேரையும் பிடிங்க. எட்டு மணி மருந்துக்கு முன்னாடி ஒவ்வொருத்தர் காதுலயும் விழணும். அப்புறம் நடந்ததை எழுதி, ஆறு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. வேலையைப் பத்தி அப்புறம் பேசலாம்.”

சின்னவன் பதிவிலிருந்து, லிங்க்கைத் திறந்தவர்களின் ஃபோன் எண்களை எடுத்துக் கொடுத்தான். அண்ணி தொலைபேசியை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். மென்பொருளால் எத்தனையோ முடியும். பயந்துபோன அம்மாவிடம் ஃபோனில் பேச முடியாது.

ஆறு வருஷம் அந்த வீடுகளுக்கு எழுதியிருக்கிறாள். குரல் போவது இதுதான் முதல் தடவை. “ஆஸ்பத்திரியிலிருந்து பேசறேன்” என்றதுமே எதிர்முனையில் மூச்சு நின்றது. ஒரு பாட்டன் தன் காதில் விழவில்லை என்று பேரனைக் கூப்பிட்டார். ஒரு தாய், “நாங்க எப்பவும் போலத்தான் கொடுக்கிறோம், அந்தச் செய்தியை யார் படிச்சா?” என்று சிரித்தாள். இன்னொரு தாய் சிரிக்கவில்லை. “இன்னைக்கு விடலாம்னு இருந்தேன்,” என்றாள். அண்ணி அவளை ‘எட்டு மணிக்கு’ என்று மூன்று தடவை திருப்பிச் சொல்ல வைத்தாள்.

ஏழாவது எண்ணுக்கும் எட்டாவதுக்கும் நடுவே அண்ணியின் செல்ஃபோன் அடித்தது. மாமியார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருபத்தெட்டு வருஷம் ஆபரேட்டராக இருந்தவர். அவர் காதுக்குத் தப்பியது எதுவுமில்லை.

“ஏம்மா, இப்ப சின்னவனுக்கு ஃபோன் பண்ணேன். பின்னாடி மைக்ல ‘எலும்பு முறிவுப் பிரிவுக்கு வரவும்’னு ஒரு பொண்ணு கூப்பிடுது. உனக்குப் பண்றேன், உன் பின்னாடியும் அதே பொண்ணு. ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகலையே?”

“ஒண்ணும் ஆகல அத்தை. அவன் இங்க வேலையா வந்திருக்கான்.”

“யாரோட வேலையா?”

மாமியார் அதை ஒன்றும் நினைத்துக் கேட்கவில்லை. இருந்தும் அண்ணி, “சாயங்காலம் வந்து சொல்றேன் அத்தை” என்று அவசரமாக வைத்துவிட்டாள்.

ஐந்தே காலுக்குப் பன்னிரண்டு பேர் கிடைத்துவிட்டார்கள். பதிமூன்றாவது செல்ஃபோன் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. நாலு தடவை அடித்தும் அதே பதில். ஆஸ்பத்திரிப் பதிவில் விலாசம் இருந்தது: பட்டறைக் குடியிருப்பு, தண்ணீர்த் தொட்டிக்குப் பின் தெரு, வீட்டு எண் இல்லை. ஆறு வயதுப் பையன்.

“நேர்ல போயிடலாம் அண்ணி. ஸ்கூட்டர் இருக்கு.”

“இரு. மேடம் கேட்டதை எழுதிக் கொடுத்துட்டு வந்துடறேன்.”

எழுத உட்கார்ந்தாள். கை வழக்கம்போல ஓடியது. என்ன நடந்தது, எத்தனை இடம், யாரால். கடைசிக்கு முந்திய வரியாக, ‘இப்பிழை இன்றுவரை வேறு யாருடைய கவனத்துக்கும் வரவில்லை’ என்று எழுதினாள். தன்னோடு முடியட்டும், சின்னவன் பெயரில் சுண்டுவிரல்கூடப் பட வேண்டாம் என்றுதான் அந்த வரி.

தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த சின்னவன் சொன்னான்:

“அந்த வரியை எழுதாதீங்க அண்ணி.”

“ஏன்?”

“முந்தாநாள் எங்க ஆபீஸ் மெஷின்ல சோதனை ஓட்டினேன். எனக்கு அந்த மொழி தெரியாது. அதனால அது பெயர்த்ததைத் திரும்பத் தமிழுக்கு மாத்திப் பாத்தேன். ‘இரவில் ஒருக்கால் கொடுக்கலாம்’னு வந்துது.”

அண்ணி பேனாவை வைத்தாள்.

“பாத்துட்டு?”

“மென்பொருள் தப்புன்னுதான் நெனச்சேன். உங்க தப்புன்னு தெரியாது.”

“பாத்துட்டு என்ன பண்ணே?”

“விட்டுட்டேன்.” குரல் இறங்கிவிட்டது. “ரெண்டு நாள்ல யாராவது வந்து கத்துவாங்க, மேடம் தூக்கிப் போடச் சொல்லுவாங்க, உங்க வேலை தப்பிச்சுடும்னு நெனச்சேன். மருந்துப் பக்கம்னு தெரியும். குழந்தை மருந்துன்னு பாக்கல அண்ணி. சத்தியமாப் பாக்கல.”

அவளுக்கு வந்தது கோபம்தான். கையை ஓங்காதது ஆஸ்பத்திரி என்பதால்தான். ஆனால் ஒன்றே காலுக்குத் தன் மனசு குதித்தது அவளுக்கு நினைவு வந்தது. மேடம் அறையில் ‘என் தப்புதான்’ என்று தலை குனிந்து நின்றவன் அதை வெறும் பெருந்தன்மைக்காகச் சொல்லவில்லை என்பதும் இப்போதுதான் புரிந்தது. தனக்காக ஒருவன் இவ்வளவு பெரிய முட்டாள்தனம் செய்திருக்கிறான். அவனை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

“எனக்காகன்னு இனிமே யார்கிட்டயும் சொல்லாதே,” என்றாள். “என்கிட்டயும்.”

பேனாவை எடுத்து அந்த வரியை ஒரே கோடாக அடித்தாள். கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். தாளை அவன் பக்கம் நகர்த்தினாள்.

“அடிச்ச வரிக்கு மேல இடம் இருக்கு. எழுதறதும் எழுதாததும் உன் இஷ்டம். நான் என் வரைக்கும் போட்டுட்டேன். மேடம் ரூம்ல கொடுத்துட்டுக் கீழ வா, மணி ஆகுது.”

அவன் முகத்தைப் பார்க்காமல் இறங்கினாள். ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றாள். ஐந்து நிமிஷம் ஆனது, பத்து ஆனது. மேலே போய்ப் பார்க்கலாமா என்று இரண்டு அடி வைத்தாள், திரும்பினாள். எழுதினால் அவனுக்கு வேலை போகும். எழுதாவிட்டால் தினமும் காலையில் அவன் முகத்தில் எப்படி விழிப்பது? எது வேண்டும் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

சின்னவன் வந்தான். ஹெல்மெட்டைக் கொடுத்தான். அவன் சொல்லவில்லை, அவள் கேட்கவில்லை.

பட்டறைப் பக்கம் போகும் சாலையில் வேலை விட்ட கூட்டம். மூன்று இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. மூன்றாவது சிக்னலில் அண்ணியின் செல்ஃபோன் அடித்தது. ஹெல்மெட்டுக்குள் நுழைத்துக் காதில் வைத்தாள். மேடம் நாலு வார்த்தைதான் பேசினார். அண்ணி “சரி மேடம்” என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

“யாரு அண்ணி?”

“மேடம். காலையில எட்டரைக்கு ரூமுக்கு வரச் சொன்னாங்க.”

“உங்களையா?”

பச்சை விழுந்துவிட்டது. பின்னால் இருந்த லாரிக்காரன் ஹாரனை அழுத்தினான். அண்ணி கொழுந்தன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

“நம்மள. வண்டியை எடு.”

(தொடரும்)